பவுனம்மாளும் கண்ணில்லாத அட்டைப்படமும்

மலேசியாவில், எங்கள் கிள்ளானில் பூ வாங்குகிறவர்களுக்கு என் அண்ணி பவுனம்மாளின் உச்சந்தலையைத் தெரியும். முகத்தைத் தெரியாது. சேலைக்கடை வாசலில் ஒரு மேசை, மேசை மேல் ஈரத்துணி போட்ட கூடை, பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியில் குனிந்த தலை. “எத்தனை முழம்?” என்று அந்தத் தலை கேட்கும். சொன்னால் கை அளந்து கொடுக்கும். வருடக்கணக்காக இப்படித்தான் வியாபாரம் ஓடுகிறது.

கடையில்தான் இந்த அடக்கம். வீட்டுக்கு வந்துவிட்டால் அவள் வாய்க்கு முன்னால் பக்கத்து வீட்டு நாய்கூட குரைக்காது. எங்கள் அய்யாவு அண்ணன் உயிரோடு இருந்த காலத்தில் லோரியை வீட்டு வாசலில் நிறுத்தியதும் இன்ஜினை உடனே அணைக்க மாட்டார். “அவ பேசி முடிக்கட்டும்” என்பார். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. பேசும்போது அண்ணி, நீங்க, வாங்க என்று மரியாதையெல்லாம் உண்டு. எழுதும்போது அவள்தான். யாரும் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம்.

நான் ரமணி. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரவிக்கை தைக்கிறேன். எனக்குப் பொறுமை இல்லை என்று இந்தத் தெருவே சொல்லும். தெருவுக்கு வேறு வேலை இல்லை.

பவுனம்மாளுக்கு ஒரே பையன், தனேஷ். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுகிறான். நல்ல வேலை, ஷிப்ட் வேலை. ஆனால் அவன் மனசு கிரேனில் இல்லை. கிடைத்த காகிதத்திலெல்லாம் படம் வரைவான். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மாவின் பூ மேசைக்கு எதிரே பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பான். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவனுக்குப் பதினோரு வயதில் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கோலாலம்பூரில் வருடா வருடம் ஒரு விழா நடக்கிறதாம். காமிக்ஸ் விழா. புத்தகக் கடையில் விற்கிற காமிக்ஸ் இல்லை. எந்தக் கம்பெனியும் போடாததை, தானே வரைந்து, தானே அச்சடித்து, தானே ஸ்டேப்ளர் அடித்துக் கொண்டுவந்து விற்கிறவர்களுக்கான விழா. மேசை கேட்டு மனுப் போடவேண்டும். தனேஷ் போட்டுப் போட்டு அலுத்து, இந்த வருடம்தான் கிடைத்தது. அதுவும் பிரிக்பீல்ட்ஸிலேயே, என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மண்டபத்தில்.

விழாவுக்கு முதல் நாள் போன் வந்தது. “அத்தை, நாளைக்குக் காலையில என்னைய ஷிப்ட்டுல போட்டுட்டாங்க. ஒருத்தனுக்குக் காய்ச்சலாம். மத்தியானம்தான் வர முடியும்.”

“அப்ப மத்தியானம் போ.”

“காலையில மேசை காலியா இருந்தா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாங்க அத்தை. ரெண்டு நாளும் போச்சு. நீங்களும் அம்மாவும் போய் உட்காருங்க, அது போதும். பெட்டிய அம்மாகிட்ட கொடுத்துவிடுறேன். புத்தகத்துல விலை ஒட்டியிருக்கு. பேனாவும் உள்ளேயே இருக்கு.”

“நாங்க ரெண்டு பேரும் போய் என்னாடா பண்றது அங்க?”

“அத்தை, இந்தத் தடவையும் தப்பிப்போச்சுன்னா நான் பேனாவத் தூக்கிப் போட்டுடுவேன். சத்தியமா.”

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. சரிடா என்றேன்.

மறுநாள் பவுனம்மாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொமுட்டர் ரயிலில் வந்து இறங்கினாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை. “மகன் கடை தொறக்கிறான்டி” என்றாள். கடை இல்லை, மேசை என்று சொல்லிப் பார்த்தேன். காதில் ஏறவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. வரிசை வரிசையாக மேசைகள். ஒருத்தி தலை பச்சை நிறம். ஒருத்தன் பார்க்கிங் ரசீதுகளின் பின்பக்கத்தில் படம் வரைந்து, அதை மடித்துப் புத்தகம் என்று விற்றுக்கொண்டிருந்தான். இன்னொரு மேசையில் ஒரு பையன் காசே வாங்கவில்லை. தன் புத்தகத்தைக் கொடுத்து எதிராளியின் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டான். “என்னாடி இது, யாரு கடைக்காரரு, யாரு வாடிக்கை?” என்று பவுனம்மாள் என் காதில் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? தெரிந்தமாதிரி தலையை ஆட்டிவைத்தேன்.

எங்கள் மேசையைக் கண்டுபிடித்து உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் ‘தாமரை’ என்று பெயர் அட்டை இருந்தது. ஆள் இல்லை. பெட்டியைப் பிரித்தோம்.

புத்தகம் மெல்லிசாக, அழகாகத்தான் இருந்தது. வழவழப்பான அட்டையில் ஒரு பொம்பளை உட்கார்ந்து பூக் கட்டுகிறாள். மடியில் மல்லிகை. காதில் கல் தோடு. இடது கையில் ஒற்றை வளையல். பவுனம்மாள் தன் இடது கையைப் பார்த்தாள். அந்த வளையல் அங்கே இருந்தது.

“நான்தானேடி இது?” என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம்தான் கவனித்தோம். முகத்தில் மூக்கு இருந்தது, வாய் இருந்தது, கண் இல்லை. கண் இருக்கவேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது.

உள்ளே புரட்டினோம். எழுத்தே இல்லை, எல்லாம் படம். அந்தப் பொம்பளை கட்டுகிற சரம் மேசையை விட்டு இறங்குகிறது, ரோட்டைத் தாண்டுகிறது, ரயிலேறுகிறது, துறைமுகம் போய் ஒரு கிரேனைச் சுற்றிக்கொள்கிறது. ஏன் சுற்றுகிறது, எதற்குச் சுற்றுகிறது, ஒன்றும் புரியவில்லை. எந்தப் பக்கத்திலும் அவளுக்குக் கண் இல்லை. பூ வாங்க வருகிறவர்களுக்குக் கண் இருக்கிறது. மேசைக்கு அடியில் படுத்திருக்கிற பூனைக்குக் கண் இருக்கிறது.

“பூனைக்குக் கண்ணு இருக்கு, பெத்தவளுக்குக் கண்ணு இல்லையா?” பவுனம்மாளின் சிரிப்பு போய்விட்டது. “மூளியா வரைஞ்சு ஊருக்கே விக்கிறானே, ரமணி. நான் இவனுக்கு என்னா பண்ணேன்?”

அவள் உதடு துடித்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது சொல்லவேண்டுமே என்று யோசித்தபோதுதான் பெட்டியின் அடியில் அந்தக் கறுப்புப் பேனா கிடந்ததைப் பார்த்தேன். தடித்த பேனா, மூடிகூடத் திறக்காத புதுப் பேனா. போனில் அவன் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

“அண்ணி! கோவில்ல சாமி சிலைக்குக் கண்ணு எப்பத் தொறப்பாங்க?”

“கடைசியில.”

“இவனும் கடைசிக்குத்தான் வச்சிருக்கான். எல்லாத்தையும் அச்சடிச்சிட்டு, கண்ண மட்டும் கையால வைக்கலாம்னு இருந்திருக்கான். அதுக்குள்ள ஷிப்ட்டுக்குக் கூப்பிட்டுட்டாங்க. அதான் பேனாவும் உள்ளேயே இருக்குன்னு சொன்னான். இல்லன்னா புத்தகம் விக்கிறதுக்குப் பேனா எதுக்கு?”

பவுனம்மாள் பேனாவைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். அவள் முகத்தில் உயிர் திரும்பி வந்தது. “அட ஆமாண்டி! கண்ணு தொறக்காத சாமிய யாராச்சும் வெளிய எடுப்பாங்களா? பாவம் புள்ள, நேரமில்லாம ஓடியிருக்கான்.”

இரண்டு கிழவிகளும் சேர்ந்து எடுத்த முடிவு இது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். அந்த ஆண்டிக்காவது ஊதத் தெரிந்திருக்கும்.

பேனாவை அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு முதல் புத்தகத்தை எடுத்தாள். அவளுக்குத் தெரிந்த கண் ஒன்றே ஒன்றுதான், கோவிலில் அம்மனுக்குச் சாத்துகிற வெள்ளிக் கண். பெரிசாக, காது வரைக்கும், நடுவில் உருட்டி ஒரு கறுப்பு. அதைத்தான் வைத்தாள். அட்டையில் சாதுவாகப் பூக் கட்டிக்கொண்டிருந்த பொம்பளை அசுரனைத் தேடி எழுந்து வருகிறவள் மாதிரி ஆகிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்ததில் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. “கை பழகிடும்” என்றாள். கடைசி வரைக்கும் பழகவில்லை. வைக்க வைக்க நான் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். வழவழ அட்டையில் மை காயாது என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு புத்தகத்தின் கண்ணும் மேலே இருந்த புத்தகத்தின் பின்னட்டையில் அச்சாகி, முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி என்று ஆனது.

கதவைத் திறந்துவிட்டார்கள். கூட்டம் வந்தது. ஒரு சீனப் பெண் புத்தகத்தைப் பார்த்து, பவுனம்மாளைப் பார்த்து, “ஆன்டி, திஸ் இஸ் யூ?” என்றாள். “யெஸ், யெஸ், மை சன்” என்றாள் இவள். அந்தப் பெண் குழம்பிப்போய் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு மலாய்ப் பையன், ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறாள் என்று மலாயில் கேட்டான். கோபம் இல்லை தம்பி, அது அருள் என்று நான் மலாயில் சொல்லப் பார்த்தேன். பாதியில் எனக்கே அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. இன்னொருவர் எடுத்து, பின்னட்டையைத் திருப்பி, அங்கேயும் கண் முறைப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாக வைத்துவிட்டுப் போனார். சிலர் வாங்கினார்கள், சிலர் வாங்கவில்லை. ஏன் வாங்கினார்கள், ஏன் வாங்கவில்லை, இரண்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பவுனம்மாள் மட்டும் பூக்கடை வழக்கப்படி ஒவ்வொருத்தருக்கும் கொசுறாகப் பையிலிருந்து ஒரு மிட்டாய் கொடுத்தாள்.

அப்போதுதான் பக்கத்து மேசைக்கார தாமரை வந்து சேர்ந்தாள். தனேஷின் சிநேகிதியாம். “சாரி ஆன்டி, ரோட்டுல ஜாம் லா” என்று மூச்சு வாங்கியவள் எங்கள் புத்தகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஆன்டி, இந்தக் கண்ணு யாரு வரைஞ்சது?”

“நான்தாம்மா. அவனுக்கு நேரமில்ல.”

தாமரை என்னைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கும் தெரியவில்லை. “ஆன்டி, தனேஷ் வேணும்னேதான் கண்ணு வைக்கல. அதுதான் கதையே. ஒரு வருஷமா அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தான்.”

“அப்ப பேனா?” என்று கேட்டேன்.

“வாங்குறவங்க கேட்டா கையெழுத்துப் போடுறதுக்கு, ஆன்டி.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காகிவிட்டது. ஒரு வருட உழைப்பு. பேனாவைத் தூக்கிப் போட்டுடுவேன் என்று அவன் சொன்னது என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. எல்லாவற்றிலும் கண் வைத்தாகிவிட்டது. மிஞ்சியது பெட்டியின் மூலையில் மடங்கிக் கிடந்த ஒரே ஒரு புத்தகம். பவுனம்மாள் பேனாவை மூடி மேசையில் வைத்தாள். அதற்கப்புறம் யாருக்கும் மிட்டாய் கொடுக்கவில்லை.

“வேணும்னே வைக்கலையா?” என்று மட்டும் கேட்டாள். தாமரையிடம் இல்லை, என்னிடமும் இல்லை.

மத்தியானம் தனேஷ் வந்தான். வேலைக்குக் காலில் போடுகிற கனத்த சப்பாத்தோடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். தூரத்தில் சிரித்துக்கொண்டே வந்தவன் மேசைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றான். ஒரு புத்தகத்தை எடுத்தான். இன்னொன்றை எடுத்தான். பின்னட்டையைத் திருப்பினான்.

“யாரும்மா இது பண்ணது?”

“நான்தான்.”

“ஏம்மா?” அவன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டிருக்கலாம்ல?”

குற்றம் என்னுடையது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பவுனம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். கல்யாணச் சேலையில், அத்தனை பேருக்கு நடுவில், வீட்டு வாயைத் திறந்தாள்.

“நான் கேக்குறேன்டா, நீ சொல்லு! பூனைக்குக் கண்ணு வச்சியே, எனக்கு ஏன் வைக்கல? உங்கம்மா என்னா குருடியா? உனக்குச் சோறு போட்ட கையத் தெரியுது, வளையலத் தெரியுது, தோடு தெரியுது. கண்ணு மட்டும் வேணாமா? என்னைய அசிங்கப்படுத்தத்தான் இந்த வெழாவா?”

அக்கம்பக்கத்து மேசைகளில் தமிழ் தெரியாதவர்களும் தலையைத் திருப்பினார்கள்.

தனேஷ் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். “அசிங்கப்படுத்தலம்மா. வரைஞ்சு பார்த்தேன். நூறு தடவ வரைஞ்சேன். வரல. உன் கை எனக்கு நல்லாத் தெரியும். கண்ணு தெரியல.”

“என்னாடா உளறுற?”

“தினம் பழப்பெட்டி மேல உட்கார்ந்திருப்பேன்ல. ஸ்கூல்ல ஏதாச்சும் நடந்தா உன்கிட்ட சொல்லணும்னு நிமிருவேன். நீ குனிஞ்சே இருப்ப. பார்க்காமலே பூக் கட்டுவ நீ, எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டே கட்டுவ. அப்புறம் ஏம்மா ஒரு தடவகூட நிமிந்து என்னைய பார்க்கல? அதான்மா கதை. சரம் மட்டும் நான் போற எடத்துக்கெல்லாம் வரும். கண்ணு வராது.”

பவுனம்மாள் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

“உங்கப்பா போன பெறகு கடையத் தொறந்தேன்ல” என்றாள். “மொத நாளு ஒரு கல்யாண வீட்டுக்காரி வந்தா. பூவ வாங்கிக் கையில வச்சிக்கிட்டா. அப்புறம் என் நெத்தியப் பார்த்தா. பொட்டு இல்ல. பூவத் திரும்ப மேசையில வச்சிட்டு, பக்கத்துக் கடைக்குப் போயிட்டா. ஒரு வார்த்தை பேசல. அன்னைக்குச் சாயங்காலமும் அதேதான், வேற ஒருத்தி. தாலியறுத்தவ கையால கட்டுன பூவ யாரு கல்யாணத்துக்கு வாங்குவா? அதான் தலையக் குனிஞ்சேன். நெத்தி தெரியலன்னா பூ மட்டும்தானே தெரியும். வாங்கிட்டுப் போவாளுங்க. நீ படிக்கணுமேடா.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“எதுத்தாப்ல நீ உட்கார்ந்திருந்தத நான் நெனைக்கவே இல்லடா.”

இத்தனை வருடத்தில் என்னிடம்கூட இதைச் சொல்லவில்லை. நான் அவள் நாத்தனார், மாசத்துக்கு ஒருமுறை அவள் வீட்டில் சாப்பிடுகிறவள். அந்தக் கல்யாண வீட்டுக்காரி இப்போது கையில் கிடைத்தால் என் கத்தரிக்கோலுக்கு வேலை இருக்கும். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கம் கெட்டு அழுதேன். பச்சைத் தலைப் பெண் வந்து எனக்கு டிஷ்யூ கொடுத்தாள். என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் என்ன முழுசாகவா தெரிந்தது?

தனேஷ் பெட்டியின் மூலையில் கிடந்த அந்தக் கடைசிப் புத்தகத்தை எடுத்து, மடங்கிய அட்டையைக் கையால் தேய்த்துச் சரி செய்தான். தாமரை தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அம்மாவுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். பேனா மூடியைக் கழற்றினான்.

“இங்க பாரும்மா.”

“சீ போடா, ஊரே பார்க்குது.” தலை தானாகக் குனிந்தது.

“குனியாத. பாரு.”

பார்த்தாள். முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. அம்மாவும் மகனும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பேனா அசையவில்லை. வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள்.

“வரையேன்டா, கழுத்து வலிக்குது” என்றாள் பவுனம்மாள்.

“இரும்மா” என்றான். “இன்னும் பார்த்து முடிக்கல.”

கண் வைத்த மற்ற புத்தகங்களை அவன் தூக்கிப் போடவும் இல்லை, ஒளித்து வைக்கவும் இல்லை. மறுநாளும் அதே மேசையில் அடுக்கினான். கேட்டவர்களிடம் “கண்ணு எங்கம்மா வச்சது” என்று மட்டும் சொன்னான். அது நல்லதா கெட்டதா என்று நான் கேட்டதற்கு, “எனக்கே தெரியல அத்தை” என்றான். அந்தக் கடைசிப் புத்தகம் விற்பனைக்கு வரவில்லை. அதில் என்ன கண் வரைந்தான் என்று எனக்குக் காட்டவும் இல்லை.

அடுத்த வாரம் ஒரு வெள்ளிக்கிழமை கிள்ளானுக்குப் போனேன். சேலைக்கடை வாசலில் அதே மேசை, அதே கூடை, அதே நாற்காலி. பவுனம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பொம்பளை வந்து பூவைக் கையில் எடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். பூவை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பின்னாலேயே போகக் காலை எடுத்து வைத்தேன்.

“விடு லா ரமணி, போறவ போகட்டும்” என்றாள் பவுனம்மாள். தலையைக் குனியவில்லை. அடுத்து நின்றவளின் முகத்தை நேராகப் பார்த்து, “எத்தனை முழம்மா?” என்று கேட்டாள்.